சின்னமுத்து கிழிக்கும் செக்ரோல்

(ஆனி உற்சவத்துக்கு நயினாதீவு வந்திருந்த எமது சங்க அங்கத்தவர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



பிள்ளைக்குச் சின்னமுத்து போட்டால் "அம்மாள் வந்திருக்கிறா" என்று வேப்பிலை கட்டி, தனியாகப் படுக்க வைப்பது எங்கள் வழக்கம். அம்மன் சந்நிதிக்கு வந்த இடத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒதுக்கி வைப்பதில் அறிவு இருக்கிறது. ஆனால் முத்து தெரிவதற்கு நாலு நாள் முன்பே அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடும். கிருமி இரண்டு மணித்தியாலம் வரை காற்றிலேயே நிற்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். ஒரு காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுக்கும் லயத்தில் யாரை எங்கே ஒதுக்குவது?

எதிர்ப்புச் சக்தி என்கிறோமே, பள்ளிக்கூடப் புத்தகத்தில் நிர்ப்பீடனம் என்று இருப்பது, அது எப்படி வேலை செய்கிறது? இரத்தத்தில் வெண்குருதிக் கலங்கள் இருக்கின்றன. சில கலங்கள் காவல்காரர் மாதிரி, புதிதாக எது உள்ளே வந்தாலும் பிடித்து விழுங்கும். வேறு சில கணக்கப்பிள்ளை மாதிரி. வந்த கிருமியின் அடையாளத்தைப் பதிந்து, அதற்கென்றே பிறபொருளெதிரி என்ற ஆயுதத்தைச் செய்யும். முதல் தடவை இதற்கு ஒன்றிரண்டு கிழமை பிடிக்கும். அதற்குள் நோய் முந்திவிடுகிறது. அதே கிருமி மறுபடி வந்தால், செக்ரோலில் பெயர் இருக்கிறது, உடனே பிடித்துவிடும். நோய் வராமலே இந்தப் பதிவைப் போட்டு வைப்பதுதான் தடுப்பூசி.

இந்தப் பதிவு எத்தனை காலம் இருக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டியது ஒரு தீவுதான். நீங்கள் இன்று குறிகட்டுவானில் படகு ஏறி வந்தீர்கள். தீவுக்கு ஆள் மட்டுமல்ல, நோயும் படகில்தான் வரும். வட அத்திலாந்திக் கடலில் பரோ தீவுகள் என்று இருக்கின்றன. அங்கே 1781-ல் சின்னமுத்து வந்து போனது. பிறகு 65 வருஷம் வரவேயில்லை. 1846-ல் ஒரு தச்சர் கப்பலில் கொண்டு வந்தார். ஏறக்குறைய 7,800 பேரில் 6,000 பேர் வரை படுத்துவிட்டார்கள். பானும் என்ற இளம் டென்மார்க் வைத்தியர் போய் வீடு வீடாக விசாரித்தார். 1781-ல் சிறு பிள்ளையாக இருந்து நோய் கண்ட கிழவன் கிழவிகளில் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை. அறுபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் பெயர் அழியாத செக்ரோல்!

அப்படியானால் ஒரு தடவை வந்து போகட்டுமே, ஊசி எதற்கு என்று கேட்கிறவர்கள் எங்கள் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னமுத்துக் கிருமி தன் பெயரை எழுதிவிட்டு, மற்றப் பக்கங்களைக் கிழித்துவிட்டுப் போகிறது. பழைய நோய்களை ஞாபகம் வைத்திருக்கும் கலங்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. நெதர்லாந்தில் ஊசி போடாத 77 பிள்ளைகளின் இரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் மற்ற நோய்களுக்கு எதிராகச் சேர்த்து வைத்திருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை போய்விட்டது. சின்னமுத்து மாறிய பிள்ளை பிறகு சளிக்காய்ச்சல், வயிற்றோட்டம் என்று மாறி மாறிப் படுப்பதற்கு இது ஒரு காரணம். ஊசி போட்ட பிள்ளைக்கு இந்த இழப்பு இல்லை.

இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நாலு வருஷம் போகவில்லை, 2023 மே மாதம் திரும்பவும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு விசேஷமாக ஊசி போட்டார்கள். யாழ்ப்பாணமும் கண்டியும் அந்த ஒன்பதில் இருந்தன. ஏன் அந்த வயது? தாயிடமிருந்து குழந்தைக்கு வந்த பிறபொருளெதிரி அந்த நேரத்தில் தேய்ந்து போகிறது, வழமையான முதல் ஊசி ஒன்பதாம் மாதத்தில்தான். இரண்டாவது மூன்று வயதில். எங்கள் தாய்மாரில் பலர் தவறவிடுவது இந்த இரண்டாவதை. பிள்ளை ஓடியாடி விளையாடுகிறது, இனி எதற்கு என்று நினைத்துவிடுகிறோம். நூற்றுக்கு 95 பிள்ளைகளாவது இரண்டும் போட்டிருந்தால்தான் ஊசி போடும் வயது வராத கைக்குழந்தையும் தப்பும்.

ஊசி ஒரு பக்கம், சாப்பாடு மறுபக்கம். விற்றமின் ஏ குறைந்த பிள்ளைக்குச் சின்னமுத்து வந்தால் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் தொடர்ந்து விற்றமின் ஏ கொடுக்கிறார்கள். முருங்கைக் கீரையும் முட்டையும் கொடுங்கள் என்று மிஸ்ஸி சொல்கிறார். கீரை லயத்துக்குப் பின்னால் முளைக்கும், முட்டைக்குச் சம்பளம் வேண்டும்.

எங்கள் பாட்டன்மார் மண்டபம் முகாமில் அம்மை குத்திக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். அன்று துரைமாருக்கு ஆள் வேண்டியிருந்தது, மறக்காமல் குத்தினார்கள். இன்று கிளினிக்குக்குப் போன தாய் பதினொரு மணிக்கு மலைக்குத் திரும்பினால் அரைப்பேர். கொழுந்து நிறை குறைந்தால் அதுவும் தகராறு. கிளினிக் நாளில் முழுப்பேர் போட வேண்டும் என்பதை அடுத்த பேச்சுவார்த்தைப் பட்டியலில் சேர்க்கும்படி மாவட்டக் கமிட்டிக்கு எழுதப் போகிறோம். அதற்கு ஆதாரம் வேண்டும். ஊர் போனதும் ஒவ்வொரு தோட்டத் தலைவியும் லயம் லயமாகப் போய், மூன்று வயது ஊசி தவறிய பிள்ளை எத்தனை, கிளினிக்குக்குப் போய்ப் பேர் வெட்டுப்பட்ட தாய்மார் எத்தனை என்று இரண்டு பட்டியல் எழுதி, மாதக் கூட்டத்துக்கு முன் என்னிடம் தந்துவிடுங்கள்.