ஊசியால் தேறினேனா?



இந்த மேடைக்கு நாலு படிதான். நடுவில் ஒருமுறை நின்றேன். கூட வந்த நண்பன், "என்னடா, அதுக்குள்ள வயசாயிடுச்சா?" என்றான். வயசு மட்டுமல்ல, லாங் கோவிட்.

2021 ஜனவரியில் லண்டனில் எனக்குக் கொரோனா வந்தது. என் வயதுக்காரர்களுக்கு அப்போது தடுப்பூசி வரவில்லை. காய்ச்சல் பத்து நாளில் போயிற்று. களைப்பும் மூச்சிரைப்பும் போகவில்லை. ஏப்ரல் கடைசியில் முதல் ஊசி. இரண்டு வாரத்தில் கொஞ்சம் தேறினேன். "ஊசிதான் காப்பாத்துச்சு" என்று எல்லோரிடமும் சொன்னேன். கணக்கு ஆசிரியையான என் மனைவி கேட்டாள்: "போடாம இருந்திருந்தா தேறியிருக்க மாட்டீங்கன்னு எப்படித் தெரியும்?" என்னிடம் பதில் இல்லை.

அப்போது பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய கொரோனா கணக்கெடுப்பில் எங்கள் வீடும் இருந்தது. மாதம் ஒருவர் வாசலுக்கு வருவார். பஞ்சுக்குச்சியால் நாமே மாதிரி எடுத்துத் தர வேண்டும்; பிறகு கேள்விகள். தொற்றுக்குப் பின் ஊசி போட்டுக்கொண்ட 28,356 பேரின் பதில்களை வைத்து, 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. லாங் கோவிட் இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு முதல் ஊசியோடு சுமார் 13 சதவீதமும், இரண்டாவதோடு மேலும் சுமார் 9 சதவீதமும் குறைந்திருந்தது. சிறிய குறைவுதான். அதுவும் ஊசியால்தான் என்று அந்த ஆய்வை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. நாளாக ஆகத் தானே தேறுபவர்களும் உண்டல்லவா?

தொற்றுக்கு முன்பே போட்டிருந்தால்? அது வேறு கேள்வி. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் இத்தனை குழப்பம். ஸ்வீடனில் சுமார் 5,90,000 பேரைப் பற்றிய 2023 ஆய்வில், முன்பே ஊசி போட்டவர்களிடம் மருத்துவர் பதிவு செய்த லாங் கோவிட் 58 சதவீதம் குறைவு. அமெரிக்க முன்னாள் படைவீரர்களைப் பற்றிய 2022 ஆய்விலோ சுமார் 15 சதவீதம்தான் குறைவு. ஆட்கள் வேறு, அளந்த முறை வேறு. அதனால் எண்ணும் வேறு. ஆனால் இரண்டும் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன.

ஆக, முன்கூட்டிப் போட்ட ஊசி ஓரளவு காக்கும். முழுக் கவசம் அல்ல. வந்த பின் அதையே மருந்தாக நம்புவதற்கு ஆதாரம் போதாது.

மாணவர்களே, யாராவது "இதைச் சாப்பிட்டேன், சரியாப் போச்சு" என்றால், "சாப்பிடாதவருக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். நான் அந்தக் கேள்வியை என் வீட்டில்தான் கற்றேன். நீங்கள் இந்த வகுப்பறைகளிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

இறங்கும்போதும் நடுப்படியில் நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.