மெஷின் எத்தனை வருஷம் உழைக்கும்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கணக்குக் குழு சார்பில் பேசியது)



போன வாரம் நம்ம மாவு மில் கணக்கைப் பார்க்கும்போது சின்னச் சண்டையே வந்துவிட்டது. 60,000 ரூபாய்க்கு வாங்கின மெஷின். ஆறு வருஷம் உழைக்கும் என்று மதிப்பிட்டு, வருஷத்துக்கு 10,000 ரூபாய் தேய்மானச் செலவு எழுதி, மீதி லாபத்தைப் பிரித்துக்கொண்டோம். இப்போ இரண்டு வருஷம் முடிஞ்சாச்சு. மிளகாயும் மல்லியும் அரைத்து அரைத்து மெஷின் தளர்ந்துபோச்சு. இன்னும் இரண்டு வருஷம்தான் தாங்கும் என்கிறார் மெக்கானிக். "அப்போ பழைய கணக்கு தப்புதானே, கொடுத்த பங்கைத் திருப்பிக் கேட்பீங்களா?" என்றார் ஓர் அக்கா. நியாயமான பயம்தான்.

கேட்க மாட்டோம். அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் போட்ட மதிப்பீடு அது. மீதி 40,000 ரூபாயை இனி வருஷத்துக்கு 20,000 என்று எழுதணும், அவ்வளவுதான். பெரிய கம்பெனிகளுக்கும் இந்தியக் கணக்குத் தரங்கள் இதைத்தான் சொல்கின்றன: மதிப்பீடு மாறினால் இனிமேல் வரும் கணக்கில் மாற்று, என்ன மாற்றினாய், அதனால் எவ்வளவு வித்தியாசம் என்று அறிக்கையில் சொல். கூட்டல் பிழை, எழுதாமல் விட்ட ரசீது என்றால் கதை வேறே. அந்த விவரம் அப்போதே கையில் இருந்ததே! பெரிய பிழை என்றால் கம்பெனிகள் பழைய வருஷக் கணக்கையே திருத்திக் காட்டணும்.

கூகுளின் தாய்க் கம்பெனி ஆல்ஃபபெட், 2023-இல் தன் சர்வர் கம்ப்யூட்டர்களின் ஆயுளை நாலு வருஷத்திலிருந்து ஆறாகக் கூட்டியது. வேறு சில கருவிகளையும் சேர்த்து, அந்த ஒரே வருஷம் தேய்மானச் செலவு சுமார் 390 கோடி டாலர் குறைந்தது. லாபம் ஏறியது. ஆனால் அந்த மாற்றத்தால் கல்லாவில் ஒரு காசு கூடச் சேரவில்லை, பார்த்துக்குங்க. 2025-இல் அமேசான் நேர் எதிராகச் செய்தது. செயற்கை நுண்ணறிவு வேகமாக வளர்வதால் சாதனங்கள் சீக்கிரம் பழசாகின்றன என்று சொல்லி, சில சர்வர்களின் ஆயுளை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது.

அதனால் யாராவது ஆயுளைக் கூட்டினால், மெஷின் நிஜமாகவே நல்லா இருக்கா, லாபம் குறைந்த வருஷமாகப் பார்த்துக் கூட்டினாங்களா என்று கேட்கணும். வராத கடனுக்கு ஒதுக்கும் தொகையும் மதிப்பீடுதான். அங்கேயும் இதே கேள்விதான்.

இந்த வருஷம் மில் பங்கு குறையும், மறைக்கவில்லை. மெக்கானிக் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கோம். மில் உறுப்பினர்கள் படித்துப் பார்த்து, சந்தேகம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்க.