பழைய கார்டை மூடலாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதிரிக் கூட்டத்தில் ஹாஸ்டல் சாப்பாட்டையும் கட் அடித்த வகுப்பையும் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அதை என்னைவிடச் சுவையாகப் பேசுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்காங்க. செயலாளர் என்னிடம், "உபயோகமா ஏதாவது பத்து நிமிஷம் பேசுங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் நம் பேட்ச் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டேன். "பழைய கிரெடிட் கார்டு ஒண்ணு சும்மா கிடக்கு. மூடிறலாமா?"

கடன் என்பது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கும் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கும் முன்பணம் கொடுப்பது இந்தக் கடற்கரையில் பழைய வழக்கம். 1955 முதல் 1961 வரை இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு அப்படி ஒரு பெரிய முத்துக்குளிப்பு இல்லை. ஆனால் முன்பணம் வாங்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சியிடம் பற்று நோட்டு இல்லாத தெரு இங்கே உண்டா? வியாபாரிகளின் தேவைக்காக 1921-இல் நாடார் வங்கி என்று ஒன்று இதே ஊரில் தொடங்கியது. அதுதான் 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது.

அந்தக் காலத்தில் கடன் கொடுப்பவர் ஆளைப் பார்த்துக் கொடுத்தார். "நாணயமான ஆளு, கொடுக்கலாம்" என்று தெருவில் ஒருவர் சொன்னால் போதும். இப்போது அந்தத் தெருவின் வேலையைக் கடன் தகவல் நிறுவனங்கள் செய்கின்றன. சிபில் 2000-இல் தொடங்கப்பட்டது. 2005-இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. இன்று சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் உள்ளன. நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, தாமதித்த நாள் எல்லாவற்றையும் வங்கிகள் இவற்றுக்கு அனுப்புகின்றன. 2025 தொடக்கத்திலிருந்து குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. அதிலிருந்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் பொதுவாக முகம் கொடுத்துப் பேசும்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, எஞ்சினியர். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஒரு இயந்திரத்தை வாங்கப் போனால் நாம் முதலில் கேட்பது லாக் புக். எத்தனை வருஷம் ஓடியது, எப்போதாவது நின்றதா, எவ்வளவு சுமையில் ஓட்டினார்கள் என்று பார்க்கிறோம். கடன் அறிக்கையும் அதேதான். சரியான சூத்திரத்தை இந்த நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. ஆனால் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பது தெரியும்: தவணை தவறாமை, கொடுத்த வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பது, கணக்குகளின் வயது, கடன் வகைகள், அண்மையில் எத்தனை இடத்தில் கடன் கேட்டோம் என்பது. இதில் முதலாவதுதான் மிக முக்கியம்.

பழைய கார்டை மூடினால் இரண்டாவதும் மூன்றாவதும் அடி வாங்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் இரண்டு கார்டு. 2011-இல் வாங்கியதில் வரம்பு ஒரு லட்சம்; 2021-இல் வாங்கியதில் 50 ஆயிரம். மாதம் 30 ஆயிரம் செலவு செய்து முழுவதையும் கட்டிவிடுகிறார். மொத்த வரம்பு ஒன்றரை லட்சம். பயன்பாடு 20 சதவீதம். நல்ல நிலை. பொதுவாக 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இப்போது பழைய கார்டை மூடுகிறார். வரம்பு 50 ஆயிரமாகிவிட்டது. அதே 30 ஆயிரம் இப்போது 60 சதவீதம்! அவர் ஒரு பைசா கூடுதலாகச் செலவழிக்கவில்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு, "இவர் கை நெருக்கடியில் இருக்கார் போல" என்று தோன்றும்.

வயது விஷயத்தில் ஒரு தவறான பயம் உண்டு. கார்டை மூடிய மறுநாளே அந்த வரலாறு அழிந்துவிடாது. மூடிய கணக்கும் அறிக்கையில் பல வருஷம் நிற்கும். ஒழுங்காகக் கட்டிய பதிவு நமக்குச் சாதகமாகவே இருக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகளில் மிகப் பழையது போய்விடுகிறது. அதன் பாதிப்பு மெதுவாகத் தெரியும். பயன்பாட்டுச் சதவீதத்தின் பாதிப்புதான் உடனே தெரியும். செலவைக் குறைத்தால் அது மீண்டும் ஏறிவிடும்.

"சரி, நாலு மாசத்தில ஏறிரும்லா, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். அந்த நாலு மாசத்துக்குள் வீட்டுக் கடன் கேட்டுப் போனால்தான் சிக்கல். என்னோடு படித்த நண்பர் ஒருவர், வீட்டுக் கடனுக்குப் போகும் முன் கணக்கைச் சுத்தமாக வைக்கிறேன் என்று பன்னிரண்டு வருஷக் கார்டை மூடினார். நல்ல எண்ணம்தான். மதிப்பெண் இறங்கி, வங்கியின் அடுத்த வட்டிப் படிக்கு வந்துவிட்டார். கால் சதவீதம்தான் வித்தியாசம். 40 லட்சம், 20 வருஷம் என்று வையுங்கள். எட்டரை சதவீதத்தில் மாதத் தவணை ஏறத்தாழ 34,713 ரூபாய். எட்டே முக்காலில் 35,348. மாதம் 635 ரூபாய் என்றால் 240 மாதத்துக்கு ஒரு லட்சத்து 52 ஆயிரத்துக்கு மேல். ஒரு பிளாஸ்டிக் அட்டையை வெட்டிப் போட்டதற்கு இது கொஞ்சம் அதிக விலை.

அப்படியானால் எந்தக் கார்டையும் மூடவே கூடாதா? அப்படியும் இல்லை. இன்னொரு நண்பர் கப்பலில் எஞ்சினியர். மாதக்கணக்கில் கடலில் இருப்பார். பயன்படுத்தாத ஒரு கார்டுக்கு வருஷக் கட்டணம் 500, வரி 90, ஆக 590 ரூபாய் விழுந்திருக்கிறது. அவருக்குத் தெரியாது. பழைய போன் நம்பருக்கு மெசேஜ் போயிருக்கிறது. கரைக்கு வந்து பார்த்தால் அபராதமும் வட்டியும் சேர்ந்து, அறிக்கையில் "தாமதம்" என்று மாதாமாதம் பதிவு. கார்டை மூடியிருந்தால் வந்திருக்கக்கூடிய பாதிப்பைவிட இது பல மடங்கு மோசம். ஏனென்றால் இது தவணை தவறியதாகக் கணக்காகிறது.

ஆகவே நான் சொல்லும் முறை இதுதான். கட்டணம் இல்லாத பழைய கார்டு என்றால் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா வைக்காதீர்கள். 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டுக்கு வங்கி தகவல் அனுப்பி, 30 நாளில் பதில் வராவிட்டால் அதுவே மூடிவிடலாம். போன் பில், கரண்ட் பில் ஏதாவது ஒன்றை அதில் கட்டி, முழுத் தொகையும் தானாகக் கணக்கிலிருந்து போகும்படி வையுங்கள். கட்டணம் உள்ள கார்டு என்றால், கட்டணமில்லாத வகைக்கு மாற்றித் தரக் கேளுங்கள். பல வங்கிகள் மாற்றித் தருகின்றன.

மூடியே ஆக வேண்டும், கையில் கார்டு இருந்தால் செலவு கட்டுக்கடங்கவில்லை என்றால் தாராளமாக மூடுங்கள். மதிப்பெண்ணைவிட மன நிம்மதி பெரிது. ஆனால் வரிசையாகச் செய்யுங்கள். வீட்டுக் கடன் எண்ணம் இருந்தால் அது கைக்கு வந்த பிறகு மூடுங்கள். பாக்கியைப் பைசா சுத்தமாகக் கட்டுங்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். பாக்கி இல்லாத பட்சத்தில் வங்கி 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பதும் அதே 2022 விதிதான். பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து அறிக்கையைப் பாருங்கள். "மூடப்பட்டது" என்று இருக்க வேண்டும். "செட்டில்டு" என்று இருந்தால், முழுசாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்த ஆள் என்று அர்த்தம். இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. "எங்களுக்குக் கார்டே இல்லையே, இது எதுக்கு?" என்று இருக்காதீர்கள். கல்விக் கடனில் அப்பாவோடு சேர்ந்து நீங்களும் கடன்தாரர்தான். நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அதுவும் உங்கள் அறிக்கையில் வரும். போனில் ஐந்து நிமிஷத்தில் கிடைக்கும் ஐயாயிரம் ரூபாய்க் கடனும் வரும். இன்று வங்கி வேலைக்கே இந்த அறிக்கையைப் பார்க்கிறார்கள். பழைய கடன் பாக்கிப் பதிவு இருந்ததால் ஒருவருடைய வங்கிப் பணி நியமனம் ரத்தானதை 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சரியென்றே சொன்னது. பரீட்சையில் பாஸாகி, நேர்முகத் தேர்விலும் பாஸாகி, இதில் போய் நிற்க வேண்டுமா?

கடைசியாக ஒன்று. 2017 முதல், ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கு நிறுவனம், மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வாங்கினால் வருஷம் முழுக்கக் காசில்லாமல் கண்காணிக்கலாம். தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நம் கல்லூரி மார்க் ஷீட்டில் ஒரு மார்க் குறைந்தால் மறுகூட்டலுக்கு ஓடினோம் இல்லையா? அந்த அக்கறையில் பாதி இதற்குக் காட்டினால் போதும்.