பூஞ்சைக்குள் ஒரு குடித்தனம்

நெல் நாற்றைத் தாக்கும் கருகல் நோய் ஒன்றுண்டு. வேர்நுனி பருத்து, வளர்ச்சி குன்றி, நாற்று மடிந்துபோகும். பழைய ரொட்டியின்மேல் படரும் பூசணத்தின் இனத்தைச் சேர்ந்த ரைசோபஸ் என்னும் பூஞ்சையே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1984-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதனின்று ரைசாக்சின் என்னும் நச்சைப் பிரித்தெடுத்தனர். உயிரணு பிளந்து பெருகுவதையே அது தடுத்துவிடும்.

ஆனால் உண்மைக் குற்றவாளி வேறு. 2005-இல் ஜெர்மனியின் யேனா நகரில் பார்ட்டிடா-மார்ட்டினெஸ், ஹெர்ட்வெக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பூஞ்சையின் இழைகளுக்குள்ளேயே பாக்டீரியாக்கள் குடியிருக்கக் கண்டனர். மருந்திட்டு அவற்றை அழித்ததும் பூஞ்சையில் நச்சு இல்லை. தனியே வளர்த்த பாக்டீரியாவிலோ நச்சு இருந்தது!

நச்சு பூஞ்சையைக் கொல்லாதது ஏன்? நச்சு பற்றிக்கொள்ளும் புரதம் பூஞ்சையில் சற்றே மாறுபட்டிருக்கிறது; ஆதலால் அது தப்பிவிடுகிறது.

இவ்வுறவின் ஆழம் 2007-இல் வெளிப்பட்டது. பாக்டீரியா நீங்கிய பூஞ்சை இழைவிட்டு வளர்ந்தது. ஆனால் வித்துகளைத் தோற்றுவிக்க அதனால் இயலவில்லை. பாக்டீரியாவை மீண்டும் குடியேற்றியதும் வித்துகள் தோன்றின. அவ்வித்துகளின் உள்ளேயே பாக்டீரியாவும் அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. வீடு கொடுத்தவன், குடியிருப்பவனின்றிச் சந்ததி பெற முடியாத விந்தை இது!

வயலில் நாம் காணும் பகை ஒன்று. அதனுள் மறைந்திருப்பது மற்றொன்று. நோயை வெல்ல விழைவோர் இரண்டையும் அறிந்தாக வேண்டும்.