பாம்பு கடிச்சா கயிறு தேடாதீங்க, வண்டி தேடுங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் தவணை எல்லாம் பேசி முடிச்சு, சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கீங்க. அதனால் வளர்க்காமல் சொல்லிடுறேன்.

முதலில் தீக்காயம். கொதிக்கிற கஞ்சி கொட்டிவிட்டால் உடனே தண்ணீர். குழாய் இல்லையா, குடத்துத் தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றிக்கிட்டே இருங்க. 20 நிமிஷம் ஊற்றணும். நாம் இரண்டு செம்பு ஊற்றிவிட்டு இங்க், பற்பசை, மாவு என்று தேடி ஓடுறோம். அதெல்லாம் வேண்டாம். வீங்குவதற்கு முன்னால் வளையல், மோதிரத்தைக் கழட்டிடுங்க. கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. அடுத்து, குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. அது திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதுவும் கூடாது.

நான் முக்கியமாகப் பேச வந்தது பாம்புக் கடி.

2002ல் நடந்தது. ஒரு விடியற்காலையில் பக்கத்துத் தெரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. பொண்ணுக்குப் பத்து வயசு இருக்கும். வயிற்றுவலி, இரண்டு தடவை வாந்தி. முதல் நாள் கோயில் திருவிழா. கண்டதைத் தின்றிருப்பாள் என்று அவங்களும் சொன்னாங்க, நானும் நினைச்சேன். வயிற்றுவலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினேன். ஏழு மணிக்கு மறுபடி ஓடி வந்தாங்க. பொண்ணால் கண்ணைத் திறக்க முடியலை, எச்சில் முழுங்க முடியலை. வண்டி பிடித்துப் போகும் வழியிலேயே மூச்சு நின்னுபோச்சு. அவங்க வீட்டு நெல் மூட்டைக்கு அடியில் கட்டுவிரியன் கிடந்தது பிறகுதான் தெரிஞ்சது. அந்த அம்மா இன்றைக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது. கடித்த தடம் கூடத் தெரியாது. அதனால் தரையில் தூங்கி எழுந்தவர் வயிற்றுவலி என்று சொல்லி, இமை கீழே இறங்கினால், தடம் தேடி நேரத்தைப் போக்காதீங்க. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. முடிந்தவரை கட்டிலில் படுங்க. இல்லையென்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் சொருகிவிட்டுப் படுங்க.

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் தெரியும். அப்போது நாம் செய்கிற முதல் தப்பு கயிறு கட்டுவது. கயிறு விஷத்தை நிறுத்தாது, ரத்த ஓட்டத்தைத்தான் நிறுத்தும். விரலும் காலும் அழுகிப்போனவங்களை நான் பார்த்திருக்கேன். ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீங்க. டாக்டர் பார்த்து அவிழ்க்கட்டும். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைத்துக் கட்டுவது எல்லாம் வேண்டாம்.

மந்திரிச்சுக் குணமானாங்களே என்று கேட்பீங்க. கடிக்கிற பாம்பில் நிறைய விஷமில்லாதது. விஷப்பாம்பு கூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறும் கடி கடிக்கும். அப்படிப்பட்டவங்க வீட்டில் சும்மா படுத்திருந்தாலும் பிழைப்பாங்க. பேர் மட்டும் மந்திரிச்சவருக்கு.

பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். அடிக்கப் போன மாமனாரும் சேர்ந்து கடி வாங்கின கதை நம்ம பக்கம் உண்டு. நான் சொன்ன நாலு பாம்புக்கும் ஒரே மருந்துதான். சின்னக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசையாமல் வைப்பாங்க. உறையவில்லை என்றால் விஷம் ஏறியிருக்கு என்று அர்த்தம். "ரத்தத்தை எடுத்துவிட்டு சும்மா உட்கார வச்சிருக்காங்க" என்று சண்டை போடாதீங்க. அந்த மருந்தும் நம்மைப் போன்ற எளிய ஜனங்களின் உழைப்பில்தான் வருது. 1978ல் தொடங்கின இருளர் பாம்பு பிடிப்பவர்கள் கூட்டுறவு சங்கம் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கு. அவங்க எடுக்கிற விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து தயாரிக்கிறாங்க. அரசு மருத்துவமனையில் இலவசம்.

2020ல் வந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக் கடியால் சாவதாகக் கணக்கிட்டது. பெரும்பாலும் நம்ம மாதிரி கிராமத்து ஜனங்கள்தான்.

சரி, என்ன செய்யணும்? முதலில் தைரியம் சொல்லுங்க. பயத்தில் ஓடவிடாதீங்க, நடக்கவும் விடாதீங்க. மெட்டி, கொலுசு, வளையல் எல்லாம் கழட்டுங்க. "மெட்டியைக் கழட்டலாமா" என்று மாமியார் கேட்டால், வீங்கினால் விரலோடு போய்விடும் என்று சொல்லுங்க. கையோ காலோ, எலும்பு முறிஞ்ச மாதிரி குச்சி வைத்து, துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்க. உடனே 108க்குப் போன் பண்ணுங்க. வண்டி வரத் தாமதமானால் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடிச்சுக்கங்க. வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்க. போகும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி மருந்து இருக்கா என்று கேளுங்க. எத்தனை மணிக்குக் கடிச்சது என்பதை ஒருத்தர் ஞாபகம் வச்சுக்கணும்.

குழுக்களுக்கு ஒரு கோரிக்கை. ராத்திரி வண்டிக்கு 2,000 ரூபாய் ஊக்குநர் கையில் இருக்கிற மாதிரி தீர்மானம் போடுங்க. கணக்கு எழுதணுமே என்று பொருளாளர் அக்கா முகம் சுளிக்கிறது எனக்குத் தெரியுது. மறுநாள் காலையில் எழுதிக்கலாம். ஊரில் வண்டி வச்சிருக்கிற நாலு பேர் நம்பரைக் கூட்டப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்க.

இப்போ யாராவது ஒரு அக்கா முன்னால் வந்து இந்தப் பாயில் படுங்க. இரண்டு குச்சி, ஒரு பழைய சேலை கொண்டு வந்திருக்கேன். கட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போவோம்.