மண்ணுக்குள் போகும் பணம் வீணல்ல
(வீடு கட்டவிருக்கும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)





வீடு கட்டுவது நம்மில் பலருக்கு ஆயுளில் ஒருமுறைதான். வளைகுடா வெயிலில் உழைத்து அனுப்பிய பணம், அடகுக்குப் போன நகை, கைமாற்றாக வாங்கிய வட்டியில்லாக் கடன் எல்லாம் சேர்ந்துதான் அது எழுகிறது. ஆனால் செலவைச் சுருக்க வேண்டும் என்றதும், கண்ணுக்குத் தெரியாத அஸ்திவாரத்தில்தான் முதலில் கைவைக்கிறோம். முகப்பு டைல்ஸைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அஸ்திவாரத்தை மாற்ற முடியாது.

தவ்பா சூராவின் 109ஆவது வசனம், சரிந்து விழும் கரையோரத்தில் எழுப்பிய கட்டடத்தை உவமையாகக் காட்டுகிறது. இறையச்சத்தைப் பற்றிய உவமைதான் அது. என்றாலும் வீடு கட்டுகிறவர்களும் நினைவில் வைக்க வேண்டியது.

கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலை 2004 சுனாமியையும் தாங்கி நிற்கிறது; அதன் கீழே இருப்பது பாறை. நம் மயிலாடியிலோ ஒரு மனையில் வானம் தோண்டினால் பாறை தட்டும். முன்பு வயலாகக் கிடந்த மனையில் களிமண் வரும். ஆகவே பக்கத்து வீட்டுக்குப் போதுமான ஆழம் நமக்கும் போதும் என்று எண்ணக் கூடாது. ஒரே வீட்டின் பாதி பாறையிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நின்றால், மண்ணில் நிற்கும் பாதி இறங்கும். சுவரில் விரிசல் விழும். மண்ணைப் பார்த்த பொறியாளரிடம் ஆழத்தையும் கம்பி அளவையும் எழுதி வாங்குவோம்.

காங்கிரீட் போடும் நாளில் வீட்டார் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். எம்20 கலவைக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் கூடினால் கொட்டுவது எளிது, ஆனால் வலு குறையும். கம்பி மண்ணைத் தொடாதபடி 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் வைக்க வேண்டும். துருப்பிடித்த கம்பி உப்பி, காங்கிரீட்டைப் பிளந்துவிடும். பிறகு குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் நனைக்க வேண்டும். இதை வீட்டுப் பிள்ளைகளே செய்யலாம்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குழியில் தண்ணீர் நின்றால் அதை இறைத்து, ஊறிய சேற்றை அள்ளிய பிறகே காங்கிரீட் போட வேண்டும். கொத்தனாரை அவசரப்படுத்த வேண்டாம். அவர் கூலியைத் தாமதிக்கவும் வேண்டாம்.

பணம் பற்றாவிட்டால் ஓர் அறையைக் குறைப்போம், மாடியைப் பிறகு பார்த்துக்கொள்வோம். அஸ்திவாரத்தில் மட்டும் குறைக்க வேண்டாம். நம் பேரப்பிள்ளைகளும் அதன்மேல்தான் உறங்கப் போகிறார்கள்.

அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.