சட்ட உதவி மேசையும் மேற்பார்வைக் கடமையும்
(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பேசும் மேடையில் அலுவலக நடைமுறையைப் பேசுமாறு எங்களைப் பணித்தது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. இக்கழகத்தின் உதவியால் படித்த பிள்ளைகள் சிலர் இன்று மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மேசைகளில் சட்டம்சார் தன்னார்வலர்களாக அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் எழுதுவதைச் சரிபார்க்கும் பொறுப்பில், ஆணைக்குழுவின் பட்டியல் வழக்கறிஞர்களாக நாங்கள் பல்லாண்டு இருந்திருக்கிறோம். மேசைக்கு எதிரே மனுவோடு நிற்போரிலும் நம்மவர் பலர். எழுதுபவர் நம் பிள்ளை, எழுதச் சொல்பவர் நம் தாய், திருத்துபவரும் நம்மவர் என்னும் நிலை சில இடங்களில் வாய்த்திருக்கிறது. வாய்த்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று மகிழ்ந்திருத்தல் கூடாது. மேற்பார்வை கடினமாவது அங்கேதான்.

முதலில் இந்த மேசை எப்படி வந்தது என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் 39அ என்னும் உறுப்பு சேர்ந்தது. பொருளின்மை காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்பது அதன் கருத்து. அதனையொட்டி 1987இல் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 12ஆம் பிரிவில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் முதல் வரியிலேயே இடம்பெற்றுள்ளனர். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. இதனை இன்னமும் நம்மில் பலர் அறியார். வருமானச் சான்று கொண்டுவா என்று நம்மவர் ஒருவரைத் திருப்பியனுப்பும் மேசை எங்கேனும் இருக்குமாயின், அது சட்டத்துக்கு மாறாக நடக்கும் மேசை.

2009இல் தேசிய ஆணையம் தன்னார்வலர் திட்டத்தை வகுத்தது. ஆசிரியர், ஓய்வுபெற்ற அலுவலர், அங்கன்வாடிப் பணியாளர், மாணவர் எனப் பலதரப்பட்டோர் இதில் சேரலாம். நீண்டகாலத் தண்டனை பெற்று நன்னடத்தையோடு சிறையிலிருக்கும் படித்த கைதிகளுங்கூடச் சேரலாம். இவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர். நீதிமன்றத்தில் வாதாட இயலாது. மனுதாரரிடம் ஒரு காசும் பெறலாகாது. இளைஞர்களுக்கு இன்னொன்றையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். இது அரசு வேலை அன்று. பணி செய்த நாளுக்கு மதிப்பூதியம் உண்டு, அவ்வளவே. வேலை நிரந்தரமாகும் என்று எவரேனும் ஆசை காட்டினால் நம்பவேண்டா.

இனி எங்கள் பொருளுக்கு வருகிறோம்.

ஒரு மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தெருக்குழாயடியில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட ஓர் அம்மையார் மேசைக்கு வந்தார். காவல் நிலையத்துக்கு எழுதவேண்டிய மனுவை நம் பெண்பிள்ளை ஒருவர் அழகிய கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்தார். அதில், “சாதியைக் குறித்துத் தகாத வார்த்தைகளால் திட்டினார்” என்று ஒரே வரி இருந்தது. எந்த இடம், எத்தனை மணி, யார் யார் நின்றிருந்தார்கள், என்ன சொல் சொல்லப்பட்டது, ஒன்றும் இல்லை. நாங்கள் ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதித் திருப்பிக் கொடுத்தோம். முதலிரண்டுக்கும் விடை எழுதிய அப்பிள்ளை மூன்றாவதில் நின்றுவிட்டார். “அந்தச் சொல்ல என் கையால எப்படி சார் எழுதுறது?” என்றார்.

அவையோரே, அந்தக் கேள்வியை எளிதாக எண்ணாதீர்கள். பள்ளியில் அதே சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அது. ஆயினும் சட்டம் என்ன கேட்கிறது? 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, இழிவுபடுத்தும் குற்றமும் சாதிப்பெயர் சொல்லி வசைபாடும் குற்றமும் நிலைபெற வேண்டுமாயின், அவை பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருத்தல் வேண்டும். நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவருமின்றிச் சொல்லப்பட்ட சொல் அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ஒரு வழக்கில் கூறியது. ஆகவே குழாயடி என்ற சொல்லும், அங்கே குடத்தோடு நின்ற மற்றப் பெண்களின் பெயர்களும் மனுவின் உயிர்நிலை. “தகாத வார்த்தை” என்று எழுதினால் அது எந்தச் சண்டைக்கும் பொருந்தும். சாதி இழிவு என்பது அங்கே மறைந்துபோகிறது. நாகரிகம் கருதி நம் பிள்ளை மூடிய சொல், எதிரிக்குக் கேடயமாகிவிடுகிறது.

நாங்கள் அவருக்குக் கட்டளை இடவில்லை. அச்சொல் உன்னுடையது அன்று, சொன்னவனுடையது, மேற்கோள் குறிக்குள் அவன் பெயரோடு நிற்கட்டும் என்று மட்டும் சொன்னோம். சற்று நேரம் கழித்து எழுதினார். பேனாவை வாங்கி நாங்களே எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த மனுவும் அதே குறையோடு வந்திருக்கும். மேற்பார்வை என்பது திருத்தி எழுதுவதன்று. மீண்டும் கேட்டுவர அனுப்புவது. அதையும் மனுதாரர் எதிரில் அதட்டிச் செய்தல் கூடாது. தம் மனுவை எழுதிய பிள்ளையே அதட்டப்படுவதைக் காணும் ஏழை, இந்த அலுவலகத்தையே அஞ்சத் தொடங்குகிறார்.

ஏட்டில் உள்ள ஆதாரம் இத்தனை பெரிதா என்று கேட்பீர்களாயின், மகத் குளத்து வழக்கை நினைவூட்டுகிறோம். 1927இல் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் நீரருந்திய அக்குளத்துக்காக அவர்மீது தொடுக்கப்பட்ட உரிமையியல் வழக்கு, 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில்தான் முடிவுற்றது. பத்தாண்டு! மனிதமாண்பைக் குறித்த பேருரையால் அது வெல்லப்படவில்லை. தீண்டத்தகாதோரை விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததென்று எதிர்த்தரப்பார் மெய்ப்பிக்க இயலாமற்போனதால் வெல்லப்பட்டது. குளம் நகராட்சியினுடையது என்னும் காகிதம் அங்கே பேசியது. இந்நாளில் பஞ்சமி நிலத்துக்கு மனு எழுதும் பிள்ளையும் இதை அறிந்திருக்க வேண்டும். முன்னோர் நிலம் என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட, புல எண்ணும், பழைய நிலப்பதிவேட்டின் நகலும், வில்லங்கச் சான்றும் இணைத்த ஒரு பக்கம் வலியது. நம்மவர்க்கு உருக்கமாக எழுதும் திறம் நிரம்ப உண்டு. நகல் கேட்டு அலைவதில்தான் சலிப்பு!

2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் ஒரு விதி உள்ளது. எழுதப்படிக்க இயலாதவர் சட்ட உதவி கேட்டு வந்தால், விவரங்களைக் கேட்டு விண்ணப்பத்தை நிரப்பி, அதனை அவருக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ பெறவேண்டும். கூட்டம் மிகும் நாள்களில் இது நழுவுகிறது. மையை நீட்டி, “இங்க வைங்கம்மா” என்பது எளிது. நம் பாட்டன்மார் எத்தனை வெற்றுத்தாளில் ரேகை வைத்து நிலமிழந்தார்கள் என்பதை அறிந்த நாம், நம் மேசையில் அதனை நடக்கவிடலாமா? மேற்பார்வையில் இருந்தபோது எங்கள் வழக்கம் ஒன்று: படித்துக் காட்டினாயா என்று தன்னார்வலரைக் கேட்கமாட்டோம். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று மனுதாரரையே கேட்போம். அவர் சொல்லும் விடை தாளோடு ஒத்திருந்தால் மட்டுமே எங்கள் சுருக்கொப்பம்.

அடுத்து, சமரசம். மக்கள் நீதிமன்றத்தில் எத்தனை வழக்கு முடிந்தது என்ற எண்ணிக்கைக்கு அலுவலகங்களில் மதிப்பு மிகுதி. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு தரப்பையும் அழைத்து வந்து, “பேசி முடிச்சிடலாம் தம்பி” என்பார்கள். இளைஞரும் ஊர் அமைதியை எண்ணி உடன்படக்கூடும். ஆனால் சட்டப்படி இணங்கித் தீர்க்க இயலாத குற்றங்களை மக்கள் நீதிமன்றம் எடுக்கலாகாது என்று அதே 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. வன்கொடுமைச் சட்டக் குற்றங்கள் இணங்கித் தீர்க்கத்தக்க பட்டியலில் இல்லை. வாய்க்கால் வரப்புத் தகராறும் சாதிக் கொடுமையும் ஒரே கட்டில் வைக்கப்படுமாயின், அதனைப் பிரித்தெடுக்க வேண்டியவர் மேற்பார்வையாளர். பிள்ளையை முன்னே நிறுத்திவிட்டுத் தாம் பின்னே ஒதுங்குதல் தகாது. ஊர்ப் பெரியவர்களுக்கு மறுமொழி சொல்லும் சுமை வழக்கறிஞருடையது. நாளை அதே ஊரில் வாழவேண்டிய இருபது வயதுப் பிள்ளையுடையது அன்று.

இதனாலேயே, தன் ஊர் மனுவையும் தன் உறவினர் மனுவையும் தன்னார்வலரிடம் விடாமல் வேறொருவரிடம் மாற்றித் தருதல் நன்று. நம்பிக்கைக் குறைவால் சொல்லவில்லை. மேசையில் கேட்டது தேநீர்க் கடைக்குப் போகாமலிருக்க அதுவே வழி. பெண்பிள்ளைகளைக் காவல் நிலையத்துக்குத் தனியே அனுப்பாதிருத்தலும் இதில் சேரும். புகார் கொடுப்பவருக்கு அதன் நகலை உடனே இலவசமாகத் தரவேண்டும் என்று 1995ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதி அஞ்சலில் அனுப்பலாம் என்றும் கூறுகின்றன. இவ்விரண்டையும் எங்களிடம் பயின்ற ஒவ்வொருவரும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வர்.

சிறைக்குச் செல்லும் தன்னார்வலருக்கு நாள்தான் கணக்கு. தண்டனை பெற்றவர் அமர்வு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு 60 நாள். கைதி சொல்லும் தேதியை நம்பாமல், தீர்ப்பின் நகலைப் பார்த்துத் தேதி குறித்துவரச் சொல்லவேண்டும்.

வாக்குறுதியைப் பற்றியும் ஒரு சொல். “கேஸ் ஜெயிச்சிடும் ஆயா, கவலைப்படாதீங்க” என்று அன்பினால் சொல்லிவிடுகிறார்கள். தீருதவித் தொகை விதிகளில் உண்டு என்று சொல்லலாம். அடுத்த மாதம் வந்துவிடும் என்று சொல்லலாகாது. எது தகவல், எது சட்ட ஆலோசனை என்னும் எல்லையை நாள்தோறும் உதாரணங்களால் காட்டவேண்டியிருக்கிறது. ஐயம் எழும் இடத்தில், “வக்கீலைக் கேட்டுச் சொல்றேம்மா” என்பதே சரியான விடை. அதற்கு வக்கீல் இருக்கையில் இருக்கவேண்டும் என்பதையும் எங்கள் தொழில் நண்பர்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம்.

தன்னார்வலரைத் தேநீர் வாங்கவும் கட்டுகளைச் சுமக்கவும் ஏவும் அலுவலகங்களும் உள்ளன. சாதி அறிந்தே ஏவுவதும் உண்டு. அவருடைய பணிக்குறிப்பில் உரிய நாளில் கையொப்பமிடாமல் இழுத்தடித்தால் மதிப்பூதியம் நின்றுபோகும். அந்தப் பணத்தை எதிர்பார்த்துப் பேருந்துக்குக் கடன் வாங்கியவர் அவர். இவ்விரண்டிலும் நம்மவரான மேற்பார்வையாளரே குற்றம் புரியும்போது எங்களுக்கு வருத்தம் மிகுதி.

தன்னார்வலராகச் சேர விரும்பும் இளைஞரும் மகளிரும் தத்தம் பெயரைக் கழகச் செயலாளரிடம் பதிந்துகொள்ளலாம். ஆணைக்குழு விண்ணப்பம் கோரும்போது படிவம் நிரப்பித் தரவும், நேர்காணலுக்கு முன் மேற்கூறிய சட்டங்களைப் பயிற்றுவிக்கவும் எங்களில் இருவர் ஞாயிறுதோறும் கழக நூலகத்துக்கு வர இசைந்திருக்கிறார்கள்.